கோஸ்தான் சித்தப்பா வாய மூடின நாள்

மாசாய்ல வந்து மகேஸ்வரன்னு கேட்டீங்கன்னா எந்த மகேஸ்வரன்னு திருப்பிக் கேப்பாங்க. கோஸ்தான்னு கேளுங்க, கையப் புடிச்சு வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. அவர்தான் எங்க சித்தப்பா. எங்க அம்மாவோட தங்கச்சி தனலெட்சுமி சித்தியக் கட்டினவர்.

வண்டிய ரிவர்ஸ் எடுக்கறதுக்கு ஜொகூர்ல எல்லா இனமும் சொல்ற வார்த்தை கோஸ்தான். சித்தப்பாவுக்கு அதுதான் வேலையே. பாசிர் கூடாங் பக்கம் ஒரு கண்டேனர் யார்டுல, நீட்டு நீட்டு ட்ரெய்லர் பின்னால வரும்போது அதுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு கைய ஆட்டிக் கத்தணும். "கோஸ்தான், கோஸ்தான்! கீரி சிக்கிட்! கானான் சிக்கிட்! தெருஸ், தெருஸ்… ஸ்தோப்!" இடது கொஞ்சம், வலது கொஞ்சம், நேரா வா, நேரா வா, நில்லு. எஞ்சின் சத்தத்தையும் தாண்டி டிரைவர் காதுல விழணும் இல்ல? அதுக்குன்னே ஒரு தொண்டை வச்சிருக்கார். பண்டார் தெங்காரா பக்கத்து எஸ்டேட்ல பொறந்து, பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோட செம்பனைப் பழ லோரியில துணை ஆளா ஏறினாரு. அப்ப தொறந்த தொண்டை இன்னும் மூடல.

பிரச்சினை என்னன்னா, வேலை முடிஞ்சு சட்டைய மாத்தினாலும் தொண்டை மாறாது. எது பின்னால போனாலும் அவரால சும்மா இருக்க முடியாது. சூப்பர்மார்க்கெட்ல யாராச்சும் ட்ராலிய பின்னால இழுத்தா கோஸ்தான். கோயில் திருவிழாவுல ரதம் திரும்பினா கோஸ்தான். அது கூட பரவால்ல, கோயில் கமிட்டியே கூப்பிட்டு நிக்க வைக்கும். ஒரு கல்யாணத்துல போட்டோகிராபர் பொண்ணு மாப்பிள்ளைய எடுக்கறதுக்காக பின்னாலயே நடந்து போயிட்டிருந்தாரு. சித்தப்பா பந்தியில இருந்து எழுந்து, சோத்துக் கையோட, "கோஸ்தான் அண்ணே, கோஸ்தான், கோஸ்தான்… ஸ்தோப்!" மனுஷன் அப்படியே நின்னாரு. திரும்பிப் பாத்தா பின்னால சாம்பார் வாளி.

இதெல்லாம் கேக்க நல்லா இருக்கும். அவர் மகளா இருந்து பாருங்க.

லோஷினி அக்கா, என்னோட பெரிய கசின், லாஜிஸ்டிக்ஸ் படிச்சாங்க. முதல்ல டிப்ளோமா. அந்தப் பட்டம் குடுக்கற நாள்ல மேடையில சுருள வாங்கிட்டு, எந்தப் பக்கம் எறங்கறதுன்னு தெரியாம நடுவுல ஒரு செகண்டு நின்னுட்டாங்க. ஒரே ஒரு செகண்டு லா! கடைசி வரிசையில இருந்து ஒரு விசிலு. அப்புறம் குரலு. "கானான்! கானான் சிக்கிட்! தெருஸ்மா, தெருஸ், தெருஸ்!"

சுருள் குடுத்துட்டிருந்த பெரிய மனுஷர் அடுத்த சுருள கீழ போட்டுட்டாரு. ஹாலே சிரிச்சுது. யாரோ வீடியோ எடுத்துப் போட்டு, அது ஜொகூர் முழுக்க சுத்தி வந்துது. அன்னையிலிருந்து லோஷி அக்காவுக்கு காலேஜ்ல பேரு தெருஸ். லெக்சரர் கூட அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சிரிச்சாராம்.

இப்ப டிகிரி முடிஞ்சுது. பட்டமளிப்புக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு அழைப்பு அட்டைதான். ஒண்ணு சித்திக்கு, அதுல பேச்சே இல்ல. இன்னொண்ணு?

"பெரியப்பாவுக்குக் குடுத்துரலாம்னு பாக்கறேன்"னு லோஷி அக்கா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாங்க. சித்தப்பாவோட அண்ணன், சதாசிவம் பெரியப்பா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கல்யாண வீட்டுல நாதஸ்வரம் வாசிச்சாலும் கண்ண மூடிக்கிட்டு சிலை மாதிரி உக்காந்திருப்பாரு.

சித்தப்பா தன் தட்டுல இருந்த அப்பளத்த ஒடைச்சாரு. சத்தம் வராம ஒடைச்சாரு. எனக்கு அத பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அந்த நேரத்துல நான் என் பாட்டைப் பாடிக்கிட்டிருந்தேன். ஜேபி டவுன்ல ஜப்பான் மரக்கட்டை அச்சுப் படங்களோட கண்காட்சி போட்டிருந்தாங்க. எனக்கு அந்தப் படங்கன்னா உயிரு! ஒரு படத்துக்கு ஒரு கட்டை இல்லங்க. ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா கட்டை செதுக்கி, மை தடவி, ஒரே தாள ஒவ்வொண்ணு மேலயும் சரியா வச்சு தேய்ச்சு எடுக்கணும். தாள் கொஞ்சம் நகர்ந்தா போச்சு, மூக்கு ஒரு பக்கம், மூக்கோட கலர் இன்னொரு பக்கம். என்கிட்ட கார் இல்ல, யாராச்சும் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சிட்டிருந்தேன்.

லோஷி அக்கா என்னையே பாத்தாங்க. "அங்க சத்தமே இருக்காது இல்ல?"

"குண்டூசி விழுந்தா கேக்கும் கா."

"அப்ப எல்லாரும் போறோம்." அப்பா பக்கம் திரும்பினாங்க. "ப்பா, ஒரு டெஸ்ட் வைக்கறேன். உள்ள கால் வச்சதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் வாயில இருந்து சத்தம் வரக்கூடாது. விசில் கூடாது, ஜோக் கூடாது, கோஸ்தான் கூடவே கூடாது. பாஸ் பண்ணா அட்டை உங்களுக்கு. ஃபெயிலுன்னா பெரியப்பாவுக்கு."

சித்தப்பா நிமிர்ந்தாரு. "தும்மல் வந்தா?"

"தும்மிக்கோங்க."

"கொட்டாவி?"

"சத்தம் இல்லாம."

"மூஞ்சி?"

"மூஞ்சிக்கு என்ன?"

"மூஞ்சியப் பத்தி நீ ஒண்ணும் சொல்லல, அதான் கேட்டேன்."

"மூஞ்சி உங்க இஷ்டம்பா"ன்னுட்டாங்க. அங்கதான் லோஷி அக்கா மாட்டினது.

ஞாயித்துக்கிழமை கெளம்பினோம். மாசாய்ல இருந்து ஜேபி வரைக்கும் சித்தப்பா வண்டியிலயே பேசாம இருந்து பழகினாரு. சித்திக்கு ஒரே குஷி. "கல்யாணமாகி இன்னைக்குத்தான்டி நான் ஆரம்பிச்ச பேச்ச நானே முடிக்கறேன்!" எங்க அம்மாவுல தொடங்கி பக்கத்து வீட்டுப் பூனை வரைக்கும் எல்லாரையும் பத்திப் பேசி முடிச்சாங்க.

டவுன்ல வண்டிய நிறுத்தினா, பக்கத்துல ஒரு சீனக் கிழவர் தன் மைவி கார சந்துக்குள்ள சொருக முடியாம தவிச்சிட்டிருந்தாரு. சித்தப்பா லோஷி அக்காவப் பாத்தாரு. இன்னும் உள்ள கால் வைக்கலியே. "சரி, போங்க"ன்னு அக்கா தலைய ஆட்டினதுதான் தாமசம், ரோட்டுக்கு நடுவுல எறங்கி, "கோஸ்தான் அங்கிள்! கீரி! கீரி சிக்கிட்!" ஒரு மாசத்துக்குச் சேத்து வச்சுக் கத்தினாரு. மைவி உள்ள போயிடுச்சு. சித்தப்பா வாயத் தொடச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினாரு.

கண்காட்சி பழைய கடை வீட்டு மாடியில. மெழுகு போட்டுத் தேச்ச பலகைத் தரை, மினுமினுன்னு. வாசல்ல ஜப்பான் மாதிரி ஒரு பாதித் துணித் திரை. எங்க ஆளு பாத்தாரு, குனிஞ்சு சப்பாத்தக் கழட்டிட்டாரு. அவரப் பாத்து சித்தியும் கழட்டி, ரெண்டு ஜோடியையும் கோயில் வாசல் மாதிரி ஓரமா சேத்து வச்சாங்க.

வாசல்ல நின்ன மலாய் செக்யூரிட்டி அண்ணன் சிரிச்சுக்கிட்டே மலாய்ல சொன்னாரு, "அங்கிள், சப்பாத்து கழட்ட வேணாம் லா."

சித்தப்பா வாயத் தொறக்கல. திரைக்கு உள்ள ஒரு கால் வச்சாச்சு இல்ல. சப்பாத்த எடுத்துக் காட்டினாரு, மடக்கினாரு. "கிரீச்." புதுச் சப்பாத்து, நடந்தா கத்தும். அப்புறம் தன் நெஞ்சுல கை வச்சு, வாயில வெரல வச்சு, லோஷி அக்காவக் காட்டினாரு. செக்யூரிட்டிக்கு என்ன புரிஞ்சுதோ, ரொம்ப மரியாதையா திரைய ஒதுக்கிவிட்டாரு. சித்தப்பா காலுறையோட உள்ள போனாரு. கட்டை வெரல் ஒண்ணு ஓட்டை வழியா எட்டிப் பாத்துது.

உள்ள அலமாக், என்ன அழகு! மழைன்னா கோடு கோடா மழை. நீலத்துல மட்டும் எத்தன நீலம்! கண்ணாடிக்குப் பின்னால தாளோட நாரு கூடத் தெரியுது. நான் ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒட்டிக்கிட்டு நின்னேன், கண்ணு கலங்கிடுச்சு, உண்மையாத்தான். பின்னால திரும்பினா லோஷி அக்கா சிரிப்ப அடக்க முடியாம வாயப் பொத்திக்கிட்டு நிக்கறாங்க.

நாடக நடிகருங்க படம் ஒரு வரிசை. கண்ணு ரெண்டும் மூக்குப் பக்கம், வாய் கோணல், கை விரிச்சு, பயங்கர முறைப்பு. ஒவ்வொரு படத்துப் பக்கத்துலயும் சித்தப்பா. அதே கண்ணு. அதே கோணல். அதே கை. ஒரு சத்தமும் இல்ல. அடுத்த படத்துக்குப் போறது, மூஞ்சிய மாத்தறது, நிக்கறது. மூஞ்சி அவர் இஷ்டம் இல்ல?

மொதல்ல சிரிச்சது செக்யூரிட்டி. அடக்கிப் பாத்தாரு, முடியல, குலுங்கிச் சிரிச்சாரு. ஒரு வெள்ளக்காரம்மா திரும்பி அவரப் பாத்து "ஷ்ஷ்"னாங்க. ஹாலுக்குக் காவல் நிக்கறவருக்கே ஷ்ஷ்! லோஷி அக்கா கீழ் உதட்டக் கடிச்சுக்கிட்டு, "இது சீட்டிங்பா"ன்னு பல்லுக்கு நடுவுல சொன்னாங்க. சித்தப்பா புத்தர் மாதிரி கண்ண மூடித் தலைய ஆட்டினாரு.

அதுக்கப்புறம் அந்தப் பெரிய படம். மூணு தாளச் சேத்து ஒரே படமா வச்சது, சுவத்துல பாதிய அடைச்சிருந்துது. மழையில ஒரு மரப்பாலம். பாலத்துக்கு அடியில சரக்கு ஏத்தின ஒரு படகு நொழையுது. வலது பக்கத் தாள்ல, கரையில ஒரு ஆளு முட்டிக்கு மேல துணியத் தூக்கிக் கட்டிக்கிட்டு, கைய ஒசத்தி, வாயத் தொறந்து, படகுக்காரனப் பாத்துக் கத்தறான். அவன் என்ன கத்தறான்னு எங்க குடும்பத்துல யாருக்கும் சொல்லித் தர வேணாம்.

சித்தப்பா அந்தப் படத்துக்கு முன்னாடி மூஞ்சிய மாத்தல. ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் மகளக் கையசச்சுக் கூப்பிட்டு, அந்த ஆளோட தொறந்த வாயக் காட்டினாரு. தன்னோட மூடின வாயக் காட்டினாரு. அவ்ளோதான். லோஷி அக்கா கைப்பையில என்னத்தையோ தேடற மாதிரி குனிஞ்சாங்க. நான் பாத்தேன், கை எதையும் தேடல.

அந்த நேரம் பாத்து சித்தி வந்தாங்க. இடது பக்கத் தாளப் பாத்தாங்க. அதுல ஒரு வழுக்கைத் தலை மனுஷரு, குடையப் புடிச்சுக்கிட்டு, ஒலகத்து மேலயே கோவமா மொறச்சுக்கிட்டு பாலத்துல நடந்து போறாரு.

"அய்யோ ஏங்க, இது அப்படியே உங்க அண்ணன்!"

சித்தி சிரிப்ப முந்தானைக்குள்ள அமுக்கினாங்க. "இந்தப் பக்கம் நீங்க கத்தறீங்க, அந்தப் பக்கம் உங்க அண்ணன் மொறைக்கறாரு. ஒரே படத்துல ரெண்டு பேரும்! இருங்க, எங்க அக்காவுக்கு அனுப்பறேன்."

போன எடுத்தாங்க. ஃபிளாஷ் இல்லாம எடுக்கலாம்னு எழுதிப் போட்டிருந்தாங்க, அதுல தப்பில்ல. ஆனா மூணு தாள் அகலம். சித்தப்பா உள்ள வந்தா பெரியப்பா வெளிய போறாரு. பெரியப்பா வந்தா சித்தப்பா போறாரு. சித்தி ஒரு அடி பின்னால வச்சாங்க. இன்னும் ஒரு அடி.

அவங்களுக்குப் பின்னால, ஹால் நடுவுல, தரையோட தரையா ஒரு சின்ன மேடை. அதுல ஒரு ஜப்பான் அக்கா சம்மணம் போட்டு உக்காந்து அச்சு எடுக்கறதச் செஞ்சு காட்டிட்டிருந்தாங்க. பக்கத்துல கிண்ணம் நெறைய நீல மை. சுத்தி, காயறதுக்காகப் பரப்பி வச்ச ஈரத் தாளுங்க. அவங்க குனிஞ்ச தலை நிமிராம தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. சித்திக்குப் பின்னால கண்ணு இல்ல.

நான் நடிகர் படங்க பக்கம் திரும்பிப் போயிட்டேன், தூரம். அங்க இருந்து பாத்தது சித்தப்பாவத்தான். வாய் தன்னால தொறந்துது. மூடினாரு. கைய வச்சுப் பொத்தினாரு. இன்னொரு கையத் தலைக்கு மேல தூக்கி வெட்டற மாதிரி ஆட்டினாரு, யார்டுல அதுக்கு ஸ்தோப்புன்னு அர்த்தம். கண்ணு ரெண்டும் வெளிய வந்துடற மாதிரி.

சித்தி போனுக்கு மேல எட்டிப் பாத்தாங்க. "மறுபடியும் கூத்தா? போதும், அந்தப் பக்கம் போங்க, படத்த மறைக்கறீங்க"ன்னு கிசுகிசுத்துட்டு, இன்னும் ஒரு அடி பின்னால.

சித்தப்பா ஓடினாரு. காலுறையோட, மெழுகுத் தரையில. ரெண்டு கால் வச்சிருப்பாரு, சறுக்கிட்டாரு. ரெண்டு காலும் மேல போயி, இடுப்பு கீழ வந்து, தொப்புன்னு! அந்தப் பெரிய ஒடம்பு விழுந்த சத்தம் பலகைதான் போட்டுது. அவர் வாயில இருந்து ஒண்ணுமே வரல. ஆ இல்ல, அய்யோ இல்ல. கீழ உக்காந்தபடிக்கு வாயப் பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணியோட, இன்னும் அந்தக் கைய ஆட்டிக்கிட்டிருக்காரு!

சித்தி அதுக்கும் திரும்பல. போன் திரையில இப்பத்தான் ரெண்டு பேரும் உள்ள வர்றாங்க. கால் பின்னால தூக்கியாச்சு.

"ம்மா! ஸ்தோப்! ஸ்தோப்! கோஸ்தான் பண்ணாத! தெருஸ், தெருஸ், முன்னால வா!"

கடை வீட்டு மாடி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துது. அப்பாவோட அதே தொண்டை. அதே ஏத்தம், அதே எறக்கம், கடைசில அதே வெட்டு. ஆனா கத்தினது லோஷி அக்கா. கையும் தலைக்கு மேல அப்படியே!

வீட்டுல இத்தன வருஷம் பழகின பழக்கம், சித்தி கால் அந்தரத்துலயே நின்னுச்சு. அப்புறம் மெதுவா முன்னால வந்துது. கெண்டைக்காலுக்கும் மைக் கிண்ணத்துக்கும் நடுவுல ஒரு தோசை அகலம் கூட இருக்காது.

ஹால்ல எல்லாரும் லோஷி அக்காவையே பாக்கறாங்க. கீழ இருந்து சித்தப்பா, இடுப்பப் புடிச்சுக்கிட்டு, ரொம்ப நிதானமா வெரலத் தூக்கி உதட்டுல வச்சாரு. ஷ்ஷ் கூட இல்ல. வெறும் வெரலு.

அந்த மூஞ்சி! நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஜப்பான் அக்கா தூக்கிவாரிப் போட்டு கை நழுவினதுல, அவங்க எடுத்துட்டிருந்த தாள்ல ஆத்துக்கு மேல வானத்துல நீலமா ஒரு இழுப்பு இழுத்துடுச்சு. போச்சுடான்னு ஓடினேன். அவங்க பின்னால திரும்பி சித்தி காலப் பாத்தாங்க, கிண்ணத்தப் பாத்தாங்க, ஈரத் தாளுங்களப் பாத்தாங்க. வாய்விட்டுச் சிரிச்சாங்க. இங்கிலீஷ்ல, நீ கத்தினது என்னன்னு கேட்டாங்க. லோஷி அக்கா செவந்து போயி, வண்டி பின்னால எடுக்கும்போது சொல்றதுன்னாங்க.

"ஓ! எங்க ஊர்லயும் உண்டு!" அந்த அக்கா எழுந்து நின்னு, ரெண்டு கையையும் ஆட்டி, அந்த அமைதியான ஹால்ல, "ஓராய்! ஓராய்! ஓராய்!"னு கத்திக் காட்டினாங்க. ஜப்பான்ல அப்படித்தானாம்! செக்யூரிட்டி அண்ணன் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு, முதுகு மட்டும் குலுங்குது.

சித்தப்பா கண்ணு சூரியன் மாதிரி ஆயிடுச்சு. ஜப்பான்ல ஒரு கோஸ்தான்! பதில் சொல்ல வாய் துடிக்குது, தொண்டை ஏறி எறங்குது. மகளப் பாத்தாரு.

"பேசுங்கப்பா, பரவால்ல. நானே கத்திட்டேன்."

தலைய ஆட்டி மறுத்துட்டாரு. வாசலக் காட்டினாரு. வெளிய போனப்புறம்தான். டெஸ்டுன்னா டெஸ்டு.

ஜப்பான் அக்கா அந்தக் கெட்டுப்போன தாளக் காய வச்சு, மடியாம அட்டையில வச்சு, லோஷி அக்கா கையில குடுத்தாங்க. சித்தப்பா எல்லாருக்கும் ஜப்பான் மாதிரி குனிஞ்சு வணக்கம் வச்சாரு. பாதி குனிஞ்சதுல இடுப்பு புடிச்சு, அப்படியே நிமிராமலே வாசல் வரைக்கும் நடந்தாரு. அது மரியாதைன்னு நெனச்சு ஜப்பான் அக்காவும் குனிஞ்சபடியே நின்னாங்க. திரையத் தாண்டினாரு. சப்பாத்த மாட்டினாரு. கிரீச் கிரீச்னு படி எறங்கினாரு. கடைசிப் படியத் தாண்டி ரோட்டுல கால் வச்சாரு.

"அய்யோஓஓஓ! என் இடுப்பூஊஊ!"

எதிர்க் கடையில ஒருத்தர் காப்பிய மேல ஊத்திக்கிட்டாரு. மேல இருந்து, ஜன்னல் வழியா, "ஓராய்?"னு ஒரு குரல் கேட்டுது.

கார்ல ஏறினப்புறம் சித்தி முதுகுக்கு மருந்தெண்ணெய் தேய்ச்சுக்கிட்டே திட்டினாங்க, "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா விழுந்திருக்க வேணாம்ல?"

"சொன்னா அட்டை போயிடும் தனா."

டிரைவர் சீட்ல லோஷி அக்கா திரும்பல. ரோட்டையே பாத்துக்கிட்டு கைப்பையத் தொறந்து, தோளுக்கு மேலயே பின்னால நீட்டினாங்க. அழைப்பு அட்டை. பேர் எழுதற எடத்துல ஏற்கெனவே எழுதியிருந்துது, மகேஸ்வரன்னு. நல்லாக் காஞ்ச மை.

பட்டமளிப்பு அன்னைக்கு எனக்கும் சதாசிவம் பெரியப்பாவுக்கும் வீட்டு டிவியிலதான். நேரலை. லோஷி அக்கா பேரக் கூப்பிட்டாங்க, வந்தாங்க, சுருள வாங்கினாங்க. நடுமேடையில வந்து நின்னாங்க.

நின்னுக்கிட்டே இருந்தாங்க.

எந்தப் பக்கம் எறங்கணும்னு தரையில அம்புக்குறி ஒட்டியிருக்கு, டிவியிலயே தெரியுது. அக்கா அதப் பாக்கல. ஹாலோட கடைசி வரிசையப் பாத்துக்கிட்டு, இடுப்புல ஒரு கைய வச்சுக்கிட்டு நிக்கறாங்க. அடுத்த பேரக் கூப்பிட வேண்டியவங்க மைக்குல இருமறாங்க. ஹால் மொத்தமும் கப்சிப். கத்துங்க சித்தப்பா! கத்துங்களேன்! மனுஷன் ஹால்லயும் வாயத் தொறக்க மாட்டேன்னு குடுத்த வாக்கக் காப்பாத்திக்கிட்டு அங்க வாயப் பொத்திட்டு உக்காந்திருக்காருன்னு எனக்குத் தெரியும்.

அப்புறம் ஹாலோட கடைசில இருந்து ஒரு குரலு கேட்டுது. சித்தியோட குரலு.

"புள்ள நிக்குதுல்ல! இப்ப கத்தாம எப்பங்க கத்தப் போறீங்க?"

"தெருஸ்மா! தெருஸ்! கானான் சிக்கிட்! தெருஸ், தெருஸ், தெருஸ்ஸ்ஸ்!"

டிவி ஸ்பீக்கர் கரகரன்னுது. லோஷி அக்கா சிரிச்சுக்கிட்டே, அழுதுக்கிட்டே, வலது பக்கம் கொஞ்சம் திரும்பி, நேரா நடந்து எறங்கினாங்க. நான் குலுங்கிக் குலுங்கி அழுதுட்டிருந்தேன், வெக்கமே இல்ல எனக்கு.

பக்கத்துல காதப் பொளக்கற மாதிரி ஒரு விசிலு. திரும்பிப் பாத்தா, சதாசிவம் பெரியப்பா ரெண்டு வெரலையும் வாயில வச்சுக்கிட்டு இருக்காரு.